பன்னிரண்டு மில்லிமீட்டரில் ஒரு கறுப்புக் கோடு

1

போன வாரம் அப்பா வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார். நாமக்கல்லில் இருக்கும் எங்கள் பட்டறை; லாரிக்கு பாடி கட்டும் பட்டறை என்று சொன்னால்தான் வெளியூர்க்காரர்களுக்குப் புரியும். வாசலில் வாழைக்கன்று, பாதி முடிந்த வண்டியின் முகப்பில் செவ்வந்தி மாலை, வெல்டிங் மெஷின், கட்டிங் மெஷின், கம்ப்ரசர் என்று வரிசையாக எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். படத்துக்குக் கீழே குரல் செய்தி, மகளை அவர் சாமி என்றுதான் கூப்பிடுவார்: "பூஜை நல்லபடியா முடிஞ்சுது சாமி. நீ எதுக்காச்சும் பொட்டு வெச்சயா?"

நான் வைக்கவில்லை. "இல்லீங்கப்பா" என்று மட்டும் அனுப்பிவிட்டு அடுப்பைத் துடைக்கப் போனேன். துடைத்த அடுப்பையே மறுபடியும் துடைத்தேன். போன வருஷம் இதே பூஜைக்கு வைத்த ஒரு பொட்டு எங்கள் மூன்று பேரின் இருப்பையே ஆட்டிவிட்டது. ஊரில் யாருக்கும் இதை முழுதாகச் சொன்னதில்லை. அரைகுறையாகக் கேள்விப்பட்ட சொந்தக்காரர்கள் நான் ஏதோ கெமிக்கலைக் கொட்டிவிட்டேன் என்று பேசிக்கொள்கிறார்களாம். நான் எதையும் கொட்டவில்லை. கொட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும், பெருக்கி அள்ளியிருப்பேன்.

2

ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர். அங்கே பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் ஐந்து வருஷம் லேசர் பொறியாளராக இருந்தேன். லேசரை வைத்துக் கண் ஆபரேஷன் பண்ணுகிறாயா என்று ராசிபுரம் பெரியம்மா ஒவ்வொரு போனிலும் கேட்பார். இல்லை பெரியம்மா, வெட்டுகிறோம். கத்தி இல்லாமல், வெளிச்சத்தால், கண் இமைப்பதற்குள் உருமாறிவிடுகிற பொருளை வெட்டிப் படம் பிடிக்கிறோம்.

லாரி எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் இருக்கிறதல்லவா, அதிலிருந்து எண்ணெய் பாய்ந்து, கிழிந்து, துளியாகி, புகையாகிக் காணாமல் போவது அத்தனையும் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு சமாச்சாரம். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் வெள்ளை மூட்டம்தான். உள்ளே எங்கே திரவம், எங்கே துளி, எங்கே காற்று என்று தெரிந்தால்தான் எஞ்சின் செய்கிறவன் புகையைக் குறைக்க முடியும். அதனால் லேசர் கற்றையை ஒரு கண்ணாடி வில்லை வழியாக விட்டு, காகிதத்தைவிட மெல்லிய தகடாக விரிப்போம். அந்தப் பச்சை ஒளித்தகடு மூட்டத்தை நெட்டுவாக்கில் வெட்டும். பக்கத்திலிருந்து படம் பிடித்தால் அந்த வெட்டுமுகம் மட்டும் தெரியும்.

ஒரு வெட்டு போதாது, எண்ணெய் அதற்குள் வேறு வடிவத்துக்குப் போய்விடும். ஒரே பீய்ச்சலில் அடுத்தடுத்து நான்கு தடவை ஒளியைத் தட்டுவோம். அத்தனை வேகத்துக்குக் கேமரா ஈடுகொடுக்காது. அதனால் நான்குக்கும் நான்கு விதமான கோடுகளைப் போட்டு ஒரே படத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக விழவைப்போம். பிறகு கணினி கோட்டின் சாய்வை வைத்து நான்கையும் தனித்தனியாகப் பிரித்தெடுக்கும். வெண்ணந்தூரில் என் மாமியார் வீட்டில், விதவிதமாகக் கோடு போட்ட துண்டுகளை அடுக்கிவைத்தாலும் எந்தக் கோடு எந்தத் துண்டு என்று அத்தை பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். கணினி செய்வதும் அதுதான், அத்தை அளவுக்கு அலட்டிக்கொள்ளாது.

இந்த வேலை எனக்குப் புதிதாகவே தோன்றியதில்லை. எங்கள் பட்டறையின் தகரக் கூரையில் இரண்டு தகரம் சேரும் இடத்தில் ஒரு நீளமான இடுக்கு உண்டு. மத்தியான வெயில் அதன் வழியே பலகை மாதிரி இறங்கும். பெயிண்டர் ஸ்ப்ரே கன்னை அழுத்தினால் மஞ்சள் புகை பட்டறை முழுக்கப் பரவும்; ஆனால் அது சுருள்வதும் கிழிவதும் அந்த வெயில் பலகைக்குள் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்து அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். பெயிண்டு மூஞ்சியில் அடிக்கிறது, தள்ளி நில் என்று அப்பா கத்துவார். இங்கே சம்பளம் வாங்கிக்கொண்டு பார்த்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கே வேலை என்பது வெறும் வேலை இல்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் நீட்டப்படும். அந்தக் காகிதத்தைக் காட்டினால்தான் வெளிநாட்டவர் அலுவலகம் தங்கும் அனுமதியை நீட்டும். என் அனுமதியின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் என் வீட்டுக்காரர் குமரேசனும் மகள் நிலாவும் இருக்கிறார்கள். நிரந்தர அனுமதி வாங்க மொழித் தேர்வு எழுத வேண்டும். இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கோட்டை விட்டேன். ஆய்வகத்தில் எல்லோரும் இங்கிலீஷில் பேசிக் காப்பாற்றிவிடுவார்கள். அலுவலகக் கடிதம் வந்தால் நிலாதான் படித்துச் சொல்ல வேண்டும். போன வருஷம் டிசம்பரோடு ஒப்பந்தம் நீட்ட வேண்டிய கெடு. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

3

ஆயுத பூஜைக்கு எங்கள் குடும்பத்தில் ஒரு முறை உண்டு. மற்ற பட்டறைகளில் மெஷினின் நெற்றியில், பார்த்ததும் தெரிகிற இடத்தில் பொட்டு வைப்பார்கள். அப்பா அதை ஒத்துக்கொள்ள மாட்டார். வேலை எங்கே வெளியே வருகிறதோ அங்கேதான் வைக்க வேண்டும். ட்ரில் மெஷினுக்கு அதன் வாயில், பெயிண்ட் கன்னுக்கு அதன் முனையில், சுத்தியலுக்கு அடிக்கிற முகத்தில். மறுநாள் கன்னை அழுத்தினால் முதல் புகையில் கொஞ்சம் குங்குமமும் சேர்ந்து வரும். அது வந்தால்தான் அவருக்குத் திருப்தி.

ஆய்வகத்தில் நான் ஒவ்வொரு வருஷமும் மேஜைக் காலில் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு பொட்டு வைத்துவிட்டு வருவேன். போன வருஷம் பூஜையை ஒட்டிய சனிக்கிழமை குமரேசனுக்கு பஸ் பணிமனையில் ஷிப்ட். நிலாவை வீட்டில் தனியாக விட மனமில்லாமல் கூட்டிப்போனேன். அப்போது அவளுக்குப் பதினொரு வயது. தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்லுவாள். தாத்தா போனில் வந்தால் குளியலறைக்குள் புகுந்துகொள்வாள். நெற்றியில் பொட்டு வைக்கப் போனால் தலையைப் பின்னுக்கு இழுப்பாள். லேசர் அறைக்குள் பதினெட்டு வயதுக்குக் கீழே யாரும் வரக் கூடாது. பெரியவர்கள் வந்தாலும் வாசலில் உள்ள நோட்டில் பெயர் எழுத வேண்டும். லேசர் அணைந்திருந்தது, சாவி என் பையில் இருந்தது. நான் எழுதவில்லை.

நான் மேஜைக் காலுக்குக் குனிந்தபோது அவள் கேட்க ஆரம்பித்தாள். இது என்ன, அது எதற்கு, இந்தக் கறுப்புப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது. அத்தனையும் தமிழில். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டியின் மூடியைத் திறந்து காட்டினேன். வெளிச்சம் எங்கே வெளியே வரும் என்று கேட்டாள். வில்லையைக் காட்டினேன். காட்டியதோடு நிறுத்தாமல் தாத்தாவின் முறையையும் பெருமையாக அவிழ்த்துவிட்டேன். அவள் சந்தனத்தைத் தொட்டு, குங்குமத்தைத் தொட்டு, கண்ணாடியில் படக் கூடாது என்று நான் சொன்னதையும் கேட்டுக்கொண்டு, வில்லையைப் பிடித்திருக்கும் உலோக வளையத்தின் மேல் அழகாக ஒரு பொட்டு வைத்தாள்.

துடைத்திருக்க வேண்டும். லென்ஸ் பக்கத்தில் தும்மக்கூடக் கூடாது என்று புது மாணவர்களுக்கு வகுப்பு எடுப்பவளே நான்தான். ஆனால் துடைத்தால் அவள் முகம் வாடிவிடும். அவளாக விரும்பி நம் காரியம் ஒன்றைச் செய்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. வளையத்தில்தானே இருக்கிறது என்று மூடியை மூடிவிட்டேன்.

4

யோனாஸ் எங்கள் ஆய்வு மாணவன். ஒல்லியான பையன், எந்நேரமும் பசியோடு இருப்பான். நான் கொண்டுபோகும் எலுமிச்சைச் சாதத்தில் பாதி அவனுக்கு. லேசர் என் பொறுப்பு, அளவெடுப்பது அவன் பொறுப்பு. அந்தத் திங்கட்கிழமை தொடங்கி நான்கு வாரம் அளந்தான். படங்களில் புதிதாக ஒன்று தெரிந்தது. நாசில் முனையிலிருந்து பன்னிரண்டு மில்லிமீட்டர் கீழே, பச்சை மூட்டத்தின் குறுக்கே மெல்லிய கறுப்புக் கோடு. நான்கு வெட்டிலும் இருந்தது, எல்லாப் பீய்ச்சலிலும் இருந்தது. எண்ணெய் அந்த இடத்தில் சட்டென்று அறுந்து மறுபடி சேர்கிறது என்றான் யோனாஸ். அவன் போட்ட கணக்கும் ஏறக்குறைய அதே இடத்தில் ஓர் அறுப்பு வரும் என்று முன்பே சொல்லியிருந்தது. பையன் கால் தரையில் படவில்லை. ஆய்வேட்டில் அதற்கென்று ஓர் அத்தியாயம் எழுதினான். எங்கள் தலைவி ஹெல்கா, லேசில் சிரிக்காத அம்மாள், கேக் வாங்கிவந்து வெட்டினார். நானும் வெட்கமில்லாமல் இரண்டு துண்டு தின்றேன்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. அளவெடுப்பு முடிந்துவிட்டது, யோனாஸ் ஆய்வேட்டைக் கொடுக்க இன்னும் இரண்டு வாரம். நாசிலின் வாஷர் கசிந்தது. பழையதைக் கழற்றிப் புதியது போட்டேன். புதியது கொஞ்சம் மெல்லிசு, அதனால் நாசில் இரண்டு மில்லிமீட்டர் கீழே இறங்கிவிட்டது. சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க ஒரே ஒரு பீய்ச்சல் விட்டுப் படம் எடுத்தேன். மூட்டம் இரண்டு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. கோடு இறங்கவில்லை.

கோடு எண்ணெயில் இருந்தால் எண்ணெயோடு சேர்ந்து இறங்க வேண்டும். அசையாமல் பழைய இடத்திலேயே நிற்கிறது என்றால் அது எண்ணெயில் இல்லை, என் வெளிச்சத்தில் இருக்கிறது. லேசரை அணைத்துவிட்டுக் கறுப்புப் பெட்டியைத் திறந்தேன். வளையத்தில் பாதிப் பொட்டுதான் இருந்தது. மீதி காய்ந்து உதிர்ந்திருந்தது. உதிர்ந்ததில் ஒரு பொடி வில்லையின் மேல் விழுந்து, பச்சை ஒளி பட்டுப் பட்டுக் கருகி, கண்ணாடியைத் தின்று ஒரு சின்னப் பள்ளம் ஆக்கியிருந்தது. குங்குமம் நமக்குத்தான் சிவப்பு. பச்சை வெளிச்சத்துக்கு அது கரி. படுகிற ஒளியை எல்லாம் விழுங்கிக்கொள்ளும். அந்தப் பள்ளத்தின் நிழல்தான் தகட்டின் கூடவே ஓடி மூட்டத்தின் குறுக்கே கோடாக விழுந்திருக்கிறது.

இந்த மாதிரிக் குறையைக் கண்டுபிடிக்கத்தான் மூட்டம் இல்லாமல் வெறும் ஒளித்தகட்டை மட்டும் முதலில் ஒரு படம் எடுத்துவைப்போம். கோடைக்காலத்தில் எடுத்த அந்த வெற்றுப் படத்தையே யோனாஸ் கடைசிவரை வைத்துக்கொண்டான். புதிதாக எடுத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

இழுப்பறையில் மாற்று வில்லை ஒன்று இருந்தது. மாட்டிப் பார்த்தேன், கோடு இல்லை. பழைய வில்லையைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு டிராமுக்கு நடந்தேன். அறையில் அன்றைக்கு என்னைத் தவிர ஒருவரும் இல்லை. இனி அளவெடுக்கும் வேலையும் இல்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

5

குமரேசனிடம் சொன்னேன். அவர் வண்டியின் கோளாறைக் கேட்பது போல அமைதியாகக் கேட்டார். வெற்றுப் படத்தைப் புதிதாக எடுக்காதது அந்தப் பையன் தப்பு, நீ எதற்குத் தலையைக் கொடுக்கிறாய் என்றார். ஒப்பந்தம் நீளாவிட்டால் மூன்று பேரும் மூட்டை கட்ட வேண்டும், நிலா ஊரில் எந்த வகுப்பில் போய் உட்காருவாள், அவளுக்குத் தமிழில் ஒரு பக்கம் எழுத வருமா என்று வரிசையாக அடுக்கினார். ஒன்றுகூடத் தப்பாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அவர்மேல் கோபம் வந்தது.

அப்பாவுக்கு போன் போட்டேன். பொட்டால் வந்த வினை என்றதும் முதலில் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாற்பது வருஷமாக வைக்கிறேன், எந்த மெஷின் கெட்டது என்றார். அப்புறம் நிலைமையைச் சொல்லச் சொல்லக் குரல் இறங்கியது.

"வில்லைய மாத்திப்போட்டயல்ல? அத்தோட உட்டுரு. வாயத் தொறக்காத சாமி. உன்னையுங் கொழந்தையையும் அங்க எவன் பாப்பான்?"

செரீங்கப்பா என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. நான் ஏழாவது படிக்கும்போது ஒரு வண்டியை ஒப்படைக்கிற நாளில், பின்பக்கச் சட்டத்தின் வெல்டிங்கில் மயிரிழை போல ஒரு விரிசல் இருந்ததை அப்பா பார்த்துவிட்டார். வண்டிக்காரர் நல்ல நேரம் பார்த்து, குடும்பத்தோடு, பூசணிக்காயும் கையுமாக வாசலில் நிற்கிறார். அப்பா விரிசல்மேல் பட்டி மாவைப் பூசி, பெயிண்டை அடித்து, வண்டியை அனுப்பிவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னிடம் அவர் எதுவும் சொல்லவில்லை.

அந்த வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, வருஷக்கணக்கில் ஓடியது. ஆனால் அதற்குப் பிறகு அப்பா காலையில் டீக்கடையில் உட்கார்ந்தால், முதல் வாய் டீ குடிப்பதற்கு முன்னால் பேப்பரில் விபத்துச் செய்திப் பக்கத்தைத் திருப்புவார். லாரி என்று போட்டிருந்தால் நம்பர் இருக்கிறதா என்று விரலை வைத்துத் தேடுவார். நான் காலேஜ் போன பிறகும் தேடிக்கொண்டிருந்தார். டீ ஆறிப்போயிருக்கும்.

யோனாஸின் ஏட்டை வேறொரு நாட்டில் யாரோ படிப்பார்கள். அதே அளவை எடுத்துப் பார்ப்பார்கள். கோட்டைக் காணோம் என்று எழுதுவார்கள். அடுத்த வருஷமா, பத்து வருஷம் கழித்தா, தெரியாது. அதுவரைக்கும் நான் தினமும் எந்தப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருப்பது? எனக்கு அப்பாவின் தைரியம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

6

வெள்ளிக்கிழமை காலை ஹெல்காவின் அறைக்குப் போனேன். யோனாஸையும் கூப்பிடச் சொன்னேன். பழைய வில்லையை மேஜைமேல் வைத்து, நாசில் இறங்கியும் கோடு இறங்காத படத்தைக் காட்டினேன். பொட்டு என்றால் என்ன என்று புரியவைக்கவே நேரம் பிடித்தது. மெஷினைக் கும்பிடுகிறவர்களா நீங்கள் என்று ஹெல்கா கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், மனசு லேசாகியிருக்கும்.

யோனாஸ் கேட்டது ஒன்றுதான். எந்தத் தேதியிலிருந்து? சொன்னேன். அவன் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தான். நான்கு வாரமும் அதற்குள் வந்தது. எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். அவன் தோள்பட்டையைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

ஹெல்கா பேனாவை எடுத்தார். வெளிப்பொருளைக் கொண்டுவந்து கருவியைக் கெடுத்ததற்கு எழுத்து மூலம் எச்சரிக்கை கொடுப்பேன் என்றார். நீங்களே வந்து சொன்னதால் ஒப்பந்தத்தை நீட்டுவதில் தடை சொல்ல மாட்டேன் என்றார். எனக்கு மூச்சு வந்தது. உடனே அடுத்த கேள்வி வந்தது. அன்றைக்கு அறையில் தனியாகத்தான் இருந்தீர்களா? வேறு யாராவது இருந்திருந்தால், அதுவும் சிறு வயதினர் என்றால், விஷயம் பாதுகாப்புக் குழுவுக்குப் போய்விடும், பிறகு என் கையில் ஒன்றும் இல்லை என்றார்.

"தனியாகத்தான்" என்றேன். யோசிக்கவே இல்லை, நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

திங்கட்கிழமைக்குள் நிரப்பிக் கொண்டுவாருங்கள் என்று நான்கு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தார். முழுக்க ஜெர்மன்.

7

சனிக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் நிலா படிவத்தை மேஜையில் விரித்தாள். எப்போதும் போல அவள் படித்துச் சொல்ல, நான் பதில் சொல்ல, அவள் ஜெர்மனில் எழுத. அவளுக்கு அதில் ஒரு அதிகாரம் உண்டு. அம்மா, ஒழுங்கா யோசிச்சுச் சொல்லு என்பாள். கருவியின் பெயர், நடந்த நாள், நடந்த விதம் எல்லாம் எழுதி முடித்தோம். மூன்றாம் பக்கத்தில் ஒரு கட்டம். அறையில் இருந்த மற்றவர்கள்.

"யாருமில்லைன்னு எழுது" என்றேன்.

பேனா நின்றுவிட்டது. "நான் இருந்தேனே."

நான் விளக்கினேன். இந்தக் கட்டத்தில் பெயர் வந்தால் வேலை போகும், வேலை போனால் அனுமதி போகும், அனுமதி போனால் பள்ளிக்கூடம், அவள் தோழிகள், வசந்த காலத்துச் சுற்றுலா எல்லாம் போகும், நாமக்கல்லுக்கே திரும்ப வேண்டியிருக்கும். பயமுறுத்துகிற மாதிரிதான் சொன்னேன். பயப்படட்டும் என்றுதான் சொன்னேன். அவள் முழுதும் கேட்டாள். பிறகு முந்தின பக்கத்தைத் திருப்பி, நான் சொல்லி அவளே எழுதிய ஒரு வரியில் விரலை வைத்தாள். பொட்டு வைத்தது நான் என்று இருந்தது அந்த வரி.

"நான் வெச்சத நீ வெச்சேன்னு எழுதச் சொல்ற. அப்ப நான் அங்க வரவே இல்லேன்னு ஆயிரும்லம்மா?"

அவள் குனிந்து கட்டத்தில் தன் முழுப் பெயரையும் பிறந்த தேதியையும் அச்சு எழுத்தில் எழுதினாள். முந்தின பக்கத்து வரியை அடித்துவிட்டு அங்கேயும் தன் பெயரைப் போட்டாள். பேனாவை மூடிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை குமரேசன் உட்கார்ந்து அதே படிவத்தைப் பல்கலைக்கழக இணையதளத்திலிருந்து மறுபடி அச்செடுத்து, நிலாவின் பெயர் வரும் இடங்களை மட்டும் விட்டுவிட்டு, மீதியை எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதிவைத்தார். ஜெர்மன் தெரியாத கை, கோணல் மாணலாக இருந்தது. நீ எதைக் கொடுக்கிறாயோ கொடு, நான் ஏனென்று கேட்க மாட்டேன் என்றார். திங்கட்கிழமை டிராமில் இரண்டு படிவமும் என் மடியில் இருந்தன. ஏழு நிறுத்தம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் மனசு மாறியது. இறங்கும்போது ஒன்றைக் கிழித்தேன். எதைக் கிழிக்கிறேன் என்று இரண்டு தடவை பார்த்துக் கிழித்தேன்.

8

ஹெல்கா மூன்றாம் பக்கத்தில் நிலாவின் பெயரையும் பிறந்த தேதியையும் படித்தார். வெள்ளிக்கிழமை நீங்கள் வேறு மாதிரி சொன்னீர்களே என்றார். பொய் சொன்னேன் என்றேன். அந்தக் கட்டத்தை நான் படிக்காமலே இருந்திருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

குழு முடிவு செய்யும்வரைக்கும் என்று ஒப்பந்தத்தை மார்ச்வரை இழுத்தார்கள். அதற்குமேல் நீட்டுவதற்கில்லை என்று கடிதம் வந்தது. நிலாதான் படித்துச் சொன்னாள். யோனாஸ் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. எலுமிச்சைச் சாதம் மீந்துபோனது. பிறகு ஒருநாள் வந்து, அந்தச் சிவப்புப் பொடியில் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டான். குங்குமம் பச்சை ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று அளந்தான். அத்தியாயத்தைத் தூக்கிவிட்டு, எல்லாவற்றையும் மறுபடி அளந்து, நாலு மாதம் தாமதமாக ஏட்டைக் கொடுத்தான். நாமக்கல் கடைவீதிக் குங்குமம் அவன் பின்னிணைப்பில் ஒரு வளைகோடாக இருக்கிறது. அந்தக் கறுப்புக் கோடு எங்கேயும் இல்லை.

ஏப்ரலில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் வரச் சொன்னார்கள். நிலா பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு மொழிபெயர்க்க வந்தாள். டோக்கன் எடுத்து ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தோம். கண்ணாடி போட்ட அதிகாரி அம்மாள் காகிதங்களைப் புரட்டிவிட்டு, வேலை ஏன் முடிந்தது என்று கேட்டார். நிலா என் பக்கம் திரும்பி அதைத் தமிழில் சொல்லவில்லை. நேராக அவரைப் பார்த்து ஜெர்மனில், என்னால் என்றாள்.

அந்த அளவு ஜெர்மன் எனக்குத் தெரியும். இல்லை என்றேன். குழந்தைக்குப் பன்னிரண்டு வயது. கூட்டிப்போனது நான். மூடியைத் திறந்தது நான். துடைக்காமல் விட்டது நான். எனக்குத் தெரிந்த ஜெர்மனையெல்லாம் போட்டு, திக்கித் திணறிச் சொல்லி முடித்தேன். வழக்கமாக நான் பாதி சொல்லும்போதே நிலா பொறுமையில்லாமல் பிடுங்கிக்கொண்டு மீதியைச் சொல்லிவிடுவாள். அன்றைக்கு நான் முடிக்கும்வரை வாயைத் திறக்கவில்லை. அதிகாரி தட்டச்சு செய்தார். வேலை தேட ஆறு மாதம் என்று முத்திரை குத்திக் கொடுத்தார்.

அந்த ஆறு மாதம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. மூன்று இடத்தில் நேர்முகத் தேர்வுக்குப் போனேன். லேசரைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொன்னேன். மூன்று இடத்திலும் பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார்கள். மூன்று இடத்திலும் உள்ளதைச் சொன்னேன். மூன்று இடத்திலிருந்தும் மரியாதையான கடிதம் வந்தது.

நாலாவது நேர்முகம் நாளைக்கு. முனிக் பக்கத்தில், ரயிலில் மூன்று மணி நேரம். போக வேண்டாம் என்று தோன்றுகிறது எனக்கு, போகாமல் இருக்க வழியில்லை என்றும் தெரிகிறது. சாயங்காலம் சேலையா கோட்டா என்று பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தபோது நிலா வாசற்படியில் வந்து நின்றாள்.

"நாளைக்குங் கேட்டா சொல்லுவியாம்மா?"

"சொல்லுவேன்."

"எம் பேரையும்?"

"உம் பேரையும்."

"அப்பச் செரி" என்றாள். உள்ளே வந்து என் கோட்டை எடுத்து, இஸ்திரி போட உட்கார்ந்தாள்.